படுதாவும் பின்வண்டியும்

சரித்திரப் புஸ்தகங்களில் தேருக்கு இடம் உண்டு. யுத்த ரதத்துக்கு இடம் உண்டு. ராஜாக்கள் ஏறிச் சென்ற பல்லக்குக்குக்கூட ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். சாமான் ஏற்றிய வண்டிக்கு இரண்டு வரி கிடைத்தால் பெரிது. அந்தச் சாமானின் மேல் போட்டு மூடிய பாயையும் துணியையும் பற்றி எழுத எந்தச் சரித்திராசிரியருக்கு மனம் வரும்? ஆனாலும் நாம் உண்ணும் உப்பும், உடுத்தும் பருத்தியும், குடியிருக்கும் வீட்டின் சிமெண்டும், தீபாவளிக்குக் குழந்தைகள் கொளுத்தும் மத்தாப்பும் நனையாமல் நம் வீடு வந்து சேர்ந்தது அந்தத் துணியின் புண்ணியத்தால்தான்.

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தில் சாலையோரம் அரைமணி நேரம் நின்று பார்த்தால் இதைப் பற்றி யோசிக்கத் தோன்றும். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் வேறு. நான் சொல்வது சிவகாசிக்குத் தென்மேற்கே, கரிசல் பூமியின் நடுவே, சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போன ஆலங்குளம். இந்தப் பக்கத்துச் சாலைகளில் வண்டிகள் பெரும்பாலும் ஒற்றையாகப் போவதில்லை. டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர் ஓடுகிறது. கம்பியும் சிமெண்டும் ஏற்றிய சின்ன லாரியின் வாலில், கான்கிரீட் கலக்கும் இயந்திரம் இரண்டு சக்கரத்தில் தொற்றிக்கொண்டு வருகிறது. கல்லுடைக்கும் இடத்துக்குப் போகிற லாரிக்குப் பின்னால், பாறை துளைப்பதற்கான காற்றழுத்த இயந்திரம் குலுங்கிக்கொண்டு ஓடுகிறது.

முன்வண்டியிலும் பாரம், பின்னாலும் ஒரு வண்டி. முன்வண்டியின் பாரத்தை எதைக் கொண்டு, எப்படி மூடினால் பின்வண்டிக்கு இடைஞ்சல் வராது? கேள்வி சின்னதுதான். ஆனால் அதன் வேர் இரண்டாயிரம் வருஷத்து ஆழத்தில் இருக்கிறது.

சங்க காலத்து உமணர்களிடமிருந்து தொடங்குவோம். உமணர் என்றால் உப்பு வியாபாரிகள். கடற்கரையில் விளைந்த உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, உள்நாட்டுக்குக் கூட்டங்கூட்டமாகப் போவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அந்த வண்டி வரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். மாடுகள் தனித்தனியே பூட்டியிருந்தாலும், முன்வண்டி நின்றால் பின்வண்டியும் நிற்க வேண்டும். முன்வண்டி போன தடத்திலேயே பின்வண்டியும் போக வேண்டும். கொக்கி போட்டுக் கோக்காத கூட்ஸ் ரயில் என்று அதைச் சொல்லிவிடலாம்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இந்த உப்பு வண்டியை ஒரு வீட்டை வர்ணிப்பதுபோல வர்ணித்திருக்கிறார். ஆரையால் வேய்ந்த கூரை. யானைக்குக் காவல் இருப்பவர்களின் குடிசையைப் போன்ற தோற்றம். வாசலில் கோழி தங்கும் கூடு. தொங்கவிட்ட சின்ன உரல். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் மாடுகளை ஓட்டுகிறாள். குடித்தனமே வண்டியில் நடக்கிறது! உப்புக்காகப் போட்ட கூரை அது. அதன் நிழலில் ஒரு குடும்பமும் ஒதுங்கிக்கொண்டது.

கூரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பரணர் குறுந்தொகையில் சொல்லிவிட்டார். கரையில் நின்ற உப்பு வண்டியின்மேல் பெருமழை பெய்தால் என்ன மிஞ்சும்? ஒருத்தியை மறுபடியும் விரும்பி அழிகிற தன் நெஞ்சுக்கு அதைத்தான் உவமையாகச் சொல்கிறான் தலைவன். வண்டி இருக்கிறது, மாடு இருக்கிறது, சரக்கு மட்டும் இல்லை. காதலில் தோற்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்த உவமைக்குப் பின்னால் முதலை இழந்த ஒரு வியாபாரியும் நிற்கிறான். அவனுடைய சோகத்தைப் பாடப் புலவர்கள் யாரும் வரவில்லை.

உமணர்களிடம் முன்யோசனைக்குக் குறைவில்லை. பாதி வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டிக்கு அடியிலேயே ஓர் உபரி அச்சைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒளவையார் அந்தச் சேம அச்சையே அதியமானுடைய மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கிப் பாடினார். புறநானூற்றில் அந்தப் பாட்டு இருக்கிறது. மேலே கூரை, கீழே சேம அச்சு. கண்ணுக்கு முன்னால் இருக்கிற சரக்கைக் காப்பாற்றக் கூரை. இனிமேல் வரப்போகிற ஆபத்துக்குச் சேம அச்சு. இந்த இரண்டாவது புத்தி படுதா விஷயத்துக்கு வந்து சேர ரொம்பக் காலம் பிடித்தது.

கரிசல் சீமையின் பாரவண்டிகள் இந்த உமணர் வண்டிகளின் வாரிசுகள்தாம். பருத்தி, மல்லி, வத்தல், கம்பு என்று மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, ராத்திரி நேரத்தில் வண்டிக்கு அடியில் லாந்தர் விளக்கைத் தொங்கவிட்டு, விருதுபட்டிச் சந்தைக்குப் போன வண்டிகள். (விருதுபட்டி 1923-ல் விருதுநகர் ஆயிற்று.) மூங்கில் பிளாச்சை வளைத்து, அதன்மேல் ஓலைப் பாயைப் போர்த்திக் கட்டினால் கூண்டு. பாரம் உயரமாக இருந்தால் கூண்டு கிடையாது. பாயை விரித்துக் கயிறு போட்டு இறுக்கிவிடுவார்கள். மழை அதிகம் இல்லாத பூமி. அதனால் மூடுவதில் கொஞ்சம் அசட்டையும் உண்டு.

பின்வண்டியின் தொல்லை முதலில் தலைகாட்டியதும் இந்த வண்டிகளில்தான் என்று சொல்ல வேண்டும். தொல்லை செய்தது மாடு. முன்வண்டியில் வைக்கோலோ சோளத்தட்டையோ ஏற்றியிருந்தால், பின்வண்டி மாடுகளுக்குப் பிரயாணம் முழுவதும் விருந்து. வண்டிக்காரன் தூங்கிவிழும் நேரம் பார்த்து, நடந்துகொண்டே உருவி உருவித் தின்னும். மூடிய பாயின் முனை பின்னால் தொங்கினால் கொம்பில் மாட்டிக் கிழியும். அனுபவப்பட்ட வண்டிக்காரர்கள் பாயின் பின்முனையைத் தொங்கவிடாமல் உள்ளே மடித்துச் செருகிக் கட்டினார்கள். லாரிக்கு இன்றைக்குச் சொல்லும் முதல் பாடமும் அதுவேதான்.

பாயிலிருந்து துணிக்கு வந்த கதை கடல் வழியாக வந்த கதை. கப்பலில் பாய்மரத்துக்குக் கட்டுகிற கெட்டித் துணியைக் 'கித்தான்' என்கிறோம். அரபு மொழியில் சணல் இனத்து நாருக்குச் சொல்லும் 'கத்தான்' என்ற சொல்தான் இங்கே வந்து கித்தான் ஆயிற்று. ஆங்கிலத்துக் 'கான்வாஸ்' லத்தீனில் கஞ்சாச் செடியின் பெயரோடு உறவு உடையது. அந்தச் செடியின் நாரிலிருந்து நெய்த துணி அது. 'படுதா' பாரசீகத்துப் பர்தாவேதான். அந்தப்புரத்து ஸ்திரீகளை மறைத்த சொல், இன்று லாரியில் வெங்காய மூட்டையை மறைக்கிறது. சொற்களுக்கும் ஜாதகம் இருக்கிறது!

இவற்றில் மிகவும் ருசியானது 'தார்ப்பாய்' என்ற சொல். பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷ் கப்பல்காரர்கள் கித்தானுக்குத் தார் பூசித் தண்ணீர் புகாதபடி செய்துகொண்டார்கள். தாரும் போர்வையும் சேர்ந்து அவர்கள் பாஷையில் 'டார்பாலின்' ஆயிற்று. அதே சொல்லால் மாலுமியையும் அழைத்தார்கள். அவன் உடையெல்லாம் தார் வாசனைதானே! இந்தச் சொல் தமிழ்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கியபோது, நம்முடைய ஜனங்கள் அதைக் காதில் வாங்கி, 'தார்' சரி, 'பாலின்' எதற்கு என்று கழற்றிவிட்டு, தங்கள் வண்டியின் மேல் ஏற்கெனவே இருந்த பாயை அந்த இடத்தில் போட்டுக்கொண்டார்கள். தார்ப்பாய்! இதைவிடச் சுத்தமான தமிழ்ச் சொல் உண்டா என்று கேட்கும்படி அமைந்துவிட்டது.

தார்ப்பாய் தரைக்கு வந்ததும் அதற்கு வேலை கொடுத்தது ரயில். இங்கிலாந்தில் 1830-ல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் ரயில் பாதை திறந்தபோது, துறைமுகத்தில் இறங்கிய பஞ்சைப் பஞ்சாலைக்குக் கொண்டுபோவது அதன் முக்கியமான தொழில்களில் ஒன்று. மேல்கூரையில்லாத வண்டிகள், முன்னால் நெருப்புக் கக்கும் இஞ்சின், பின்னால் பஞ்சு! மழைக்கு மூடிய துணி, பொறிக்கும் காவலாக வேண்டியிருந்தது. ஆளி விதை எண்ணெயும் கரியும் பூசிய துணிகளை ரயில் கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் வைத்திருந்தன.

ரயிலில் ஒரு புதிய சங்கதி புலப்பட்டது. வண்டிகளை வரிசையாகக் கொக்கி போட்டுக் கோத்துவிட்டால், பார்ப்பதற்கு ஒரே வண்டிபோல இருக்கும். ஆனால் அவை ஒரே வண்டி அல்ல. வளைவில் ஒரு பக்கத்து இடைவெளி குறுகும், மறுபக்கத்து இடைவெளி விரியும். இழுக்கும்போது சற்று விலகும். நிறுத்தும்போது நெருங்கி முட்டும். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் தனித் துணி. அதன் கயிறு அந்த வண்டியின் உடம்போடு மட்டும் கட்டு. இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே துணியைப் போர்த்தினால் முதல் வளைவிலேயே அது கிழியும், இல்லாவிட்டால் கயிறு அறும். பின்வண்டி இழுப்பவர்களுக்கு இது இரண்டாவது பாடம். விருதுநகரிலிருந்து சிவகாசி வழியாகத் தென்காசிக்கு 1927-ல் ரயில் வந்தபோது, இந்தப் பாடமும் கரிசல் பூமிக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு நாலு வருஷம் முந்தித்தான் சிவகாசியின் தலையெழுத்து மாறியிருந்தது. 1922-ல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் ஊர் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு, அதற்கு ஒட்டும் லேபிளுக்காக அச்சுத் தொழில் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. இரண்டாவது உலக யுத்தத்தின்போது வெளிநாட்டுப் பட்டாசு வருவது நின்றுபோகவே, உள்நாட்டுச் சரக்குக்கு வழி பிறந்தது.

இந்தத் தொழில் இங்கே வேரூன்ற ஒரு முக்கியமான காரணம் மழையின்மை. மருந்து காயவேண்டும், குச்சி காயவேண்டும், அட்டை காயவேண்டும். விவசாயியை வயிறெரிய வைத்த அதே வெயில் தொழிற்சாலைக்காரருக்கு வரப்பிரசாதம். ஆனால் செய்த சரக்கு இங்கேயே இருந்துவிடப் போவதில்லை. தீபாவளி வருவதோ ஐப்பசியில். அதற்கு முந்திய மாதங்களில் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகவேண்டும்; அங்கெல்லாம் தென்மேற்குப் பருவமழை. தமிழ்நாட்டுக் கடைகளுக்குப் போகிற நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. மழையே பார்க்காத ஊரில் பிறந்த பிள்ளையை மழைக்காலத்தில் ஊர் ஊராக அனுப்ப வேண்டியிருக்கிறது. தாய் என்ன செய்வாள்? போர்த்தி அனுப்புவாள்.

போர்த்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். உப்பு நனைந்தால் உப்போடு போயிற்று. பட்டாசு மருந்து அப்படியில்லை. அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தனக்குத்தானே சூடேறுகிற குணம் உண்டு. தொழிற்சாலைகளில் மழைநாளில் பயப்படுவது அதனால்தான். ஆகவே நீரும் புகக்கூடாது, நெருப்பும் விழக்கூடாது. ஒரே துணி வருணனுக்கும் அக்கினிக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

லாரி பெருகியது சுதந்திரத்துக்குப் பிறகு. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டாடா கம்பெனியார் 1954-ல் பென்ஸ் லாரிகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். திறந்த பெட்டி, கெட்டியான படுதா, மணிலாக் கயிறு, கயிற்றை இழுத்துக் கட்ட ஒரு கிளீனர் பையன். இந்த நான்கும் சேர்ந்ததுதான் நம்முடைய லாரிப் போக்குவரத்து. 1970-ல் ஆலங்குளத்தில் அரசாங்கம் சிமெண்டு ஆலை நிறுவியது. 1976-ல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் அமைந்ததும் அதன்கீழ் வந்தது. சிமெண்டுக்கு உப்பைவிட ஒரு துர்க்குணம் அதிகம். உப்பு நனைந்தால் கரைந்து ஓடி வண்டியையாவது காலி செய்து கொடுக்கும். சிமெண்டு நனைந்தால் மூட்டையிலேயே கல்லாகி உட்கார்ந்துகொண்டு, இறக்குகிற கூலியும் கேட்கும்!

லாரிக்குப் பின்னால் இன்னொரு வண்டியைக் கோக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, மறுபடியும் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் கிளீவ்லாண்டு நகரத்தில் மோட்டார் கார் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் விண்டன், விற்ற கார்களை வாங்கியவர்களிடம் கொண்டு சேர்ப்பதற்காக 1898-ல் ஓர் இழுவண்டி செய்தார். 1914-ல் டெட்ராய்ட் நகரத்து ஒரு மர வியாபாரிக்குத் தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் ஃபுரூஹாஃப் என்ற கொல்லர், அவருடைய ஃபோர்டு காரின் பின்னால் மாட்டி இழுக்க ஒரு வண்டி செய்து கொடுத்தார். படகு போயிற்று, மர வியாபாரி மரத்துக்கும் அப்படி ஒன்று கேட்டார், கொல்லர் பெரிய தொழிலதிபர் ஆனார்.

இழுக்கும் வண்டியையும் இழுபடும் வண்டியையும் சேர்க்கும் இடத்தில் ஒரு வட்டத் தட்டு உண்டு. அதற்கு 'ஐந்தாவது சக்கரம்' என்று பெயர். ஓடாத சக்கரம் அது. நாலு சக்கரக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கைவாட்டில் வைத்த வளையத்துக்கு இருந்த பெயர்தான் மோட்டாருக்கும் வந்தது. பெரிய டிரெய்லர் லாரிகளில் முன்வண்டிக்குச் சாமான் பெட்டியே கிடையாது, பாரமெல்லாம் பின்வண்டியில். ஆகவே மூடுவதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் முன்வண்டியிலும் சாமான் ஏற்றிப் பின்னாலும் ஒன்றை இழுப்பவர்களுக்குத்தான்.

ஃபோர்டு கம்பெனி 1925-ல் தன் மாடல் டி காரின் பின்புறம் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தி 'பிக்கப்' என்று விற்றது. அந்தப் பெட்டியை மூடும் மூடிக்கு அமெரிக்கர்கள் சொல்லும் பெயர் 'டனோ கவர்'. பிரெஞ்சு மொழியில் டனோ என்றால் பீப்பாய். பழைய கார்களின் பின் ஆசனப் பகுதி பீப்பாய் போல உருண்டிருந்ததால் வந்த பெயர். அங்கே குடியானவர்கள் குதிரைகளையும் கன்றுகளையும் பின்வண்டியில் ஏற்றி இழுப்பது வழக்கம். கனமான பின்வண்டிக்கு இணைப்பைப் பெட்டியின் நடுவிலேயே, பின் அச்சுக்கு மேல், பொருத்துகிறார்கள். பெட்டியை மூடினால் இணைப்பு போச்சு. இணைத்தால் மூடி போச்சு! இதற்காக அவர்கள் கண்ட உபாயங்கள் நமக்கும் பயன்படும்.

தகட்டில் செய்த கெட்டி மூடி ஒரு வகை. திருட்டுக்கு நல்ல காவல். ஆனால் பெட்டியின் விளிம்புக்கு மேல் பாரம் ஏற்ற முடியாது. இணைப்பு பெட்டிக்குள் இருந்தால் மூடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அதன் கனமும் கணக்கில் சேரும். பின்னால் கொக்கியில் மாட்டிய இழுவண்டி தன் எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு வரை முன்வண்டியின் வாலில் இறக்குவது நல்லது என்று அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதைவிடக் குறைந்தால் இழுவண்டி பாம்புபோல நெளியும். அந்தப் பாரத்தோடு மூடியின் பாரமும் சேர்ந்தால், சாமானில் அவ்வளவையும் குறைக்க வேண்டும். துணியாக, முன்பக்கம் சுருட்டிவைக்கக்கூடிய மூடி இன்னொரு வகை. கனம் இல்லை, இணைப்பு வரையில் திறந்துவிட்டு, மீதியை மூடிக்கொள்ளலாம். இழுப்பவனுக்கு இதுதான் தோதானது என்பது பொதுவான அபிப்பிராயம். மூங்கில் வளைவின்மேல் பாயைப் போட்டு, வேண்டும்போது சுருட்டிக்கொண்ட நம் வண்டிக்காரன் இதைக் கேட்டால் சிரிப்பான்.

நம் ஊர் லாரியில் இணைப்பு பெட்டிக்கு வெளியே, வாலில் இருக்கிறது. அதனால் சங்கடம் குறைவு என்று நினைக்கத் தோன்றும். ஆலங்குளத்தில் டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான டிரைவர் அப்படி நினைக்கவில்லை.

"படுதா வாங்கப் போறவன் லோடைப் பாத்து அளவு சொல்லுதான், தம்பி. நான் வாலைப் பாத்துத்தான் அளவு சொல்லுவேன்" என்றார்.

"அது என்ன அண்ணாச்சி, வால்?"

"பின்னால ஒண்ணைக் கட்டி இழுக்கணும்னா, அந்தக் கொக்கியும் சங்கிலியும் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். வண்டி நின்ன இடத்துல எல்லாம் இறங்கி ஒரு தடவை பாத்திரணும். படுதா முந்தானை மாதிரித் தொங்கி அதை மறைச்சிருச்சின்னா, இன்னைக்குப் பாக்காம விட்டிருவோம், நாளைக்கும் விட்டிருவோம். மூணாம் நாள் பின்வண்டி தனியாக் கிளம்பிப் போயிரும்."

"கயிறு?"

"மிச்சக் கயித்தைச் சுருட்டிச் சொருகாம விட்டா, அது நேரே பின்வண்டிச் சக்கரத்துல போய்ச் சுத்திக்கிடும். அப்புறம் படுதா மட்டுமா வரும்? மேல இருக்கிற மூட்டையும் சேந்து வரும். அந்த மூட்டை எவன் தலையில விழும்னு யாருக்குத் தெரியும்?"

வண்டி திரும்பும்போது பின்வண்டியின் முன்மூலை முன்வண்டியின் வாலை நோக்கி நெருங்கி வருகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஒன்றின் மூக்கு உயர, மற்றதன் வால் தாழ்கிறது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் துணி அப்போது நசுங்கும், கிழியும். பின்பலகையைக் கீழே இறக்கினால் அது இழுகம்பியில் இடிக்கும். ஆகவே பக்கவாட்டில் அவிழ்க்கக்கூடிய மூடியாக இருப்பது சௌகரியம். இரண்டு துண்டுப் படுதா போட்டால், முன் துண்டின் விளிம்பு பின் துண்டின் மேல் கிடக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்காற்று விளிம்புக்குள் புகுந்து தூக்கிவிடும்.

காற்றின் குணம் விசித்திரமானது. ஓடுகிற லாரியின் படுதாவை அது மேலிருந்து அழுத்துவதில்லை. மேலே விரைந்து ஓடும் காற்றுக்கு அழுத்தம் குறைவு. உள்ளே அடைபட்ட காற்று படுதாவை வெளியே தள்ளுகிறது. அதனால்தான் வெறும் பெட்டியை மூடிய துணிகூட வேகத்தில் பலூன்போல உப்புகிறது. உப்பி, தளர்ந்து, மறுபடியும் உப்பி, பட்பட்டென்று அடித்துக்கொள்ளும் துணி தன்னைத்தானே கிழித்துக்கொள்ளும். இறுக்கமும் நெருக்கமான கட்டும்தான் அதற்கு மருந்து.

படுதாவின் சரித்திரத்தில் கடைசி அத்தியாயம் பிளாஸ்டிக்கினுடையது. இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் சோதனைச்சாலையில் 1933-ல் வேறு எதையோ தேடிக்கொண்டிருந்த இரண்டு விஞ்ஞானிகளின் பாத்திரத்தில் மெழுகு போன்ற ஒரு வெள்ளைப் பொருள் மிஞ்சியது. அதுதான் பாலிதீன். 1953-ல் கார்ல் சீக்லர் என்ற ஜெர்மானியர் அதைக் கெட்டியாகச் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1963-ல் இத்தாலியரான நட்டாவோடு நோபல் பரிசு பெற்றார். அவர்களுடைய ஆராய்ச்சியின் பலன் இன்று நீல நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் நம்முடைய லாரிகளின்மேல் கிடக்கிறது. கனம் இல்லை, விலை மலிவு, நனைந்தாலும் பாரம் ஏறாது. நனைந்த கித்தானை நாலு ஆள் தூக்க வேண்டும். இதை ஒரு பையன் மடித்து வைத்துவிடுவான். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெடித்துப்போகும். லேசாக இருப்பதாலேயே காற்றில் அதிகம் அடித்துக்கொள்ளும். நெருப்புப் பட்டால் உருகிச் சொட்டும். பின்வண்டி இழுக்கிற லாரிக்கு, வாலில் அடித்துக்கொள்ளாத கனமான துணிப் படுதாவே மேல் என்று பழைய டிரைவர்கள் சொன்னால் அது வெறும் பழமைப் பற்றல்ல.

பாயிலிருந்து பாலிதீன் வரைக்கும் மூடுதுணி காப்பாற்றியது சரக்கை, சரக்கின் சொந்தக்காரனை. துணிக்குப் பணம் கொடுத்தவன் அவன்தானே! ஆனால் வேகம் கூடக்கூட, துணியினால் பிழைக்கிறவனும் துணியினால் சாகிறவனும் வண்டிக்குப் பின்னால் வருகிறவனாகிவிட்டான். இரவு நேரத்தில் மனைவியையும் குழந்தையையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, வெளிச்சமில்லாத சாலையில் வருகிறான். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கைத் தொங்குகிற படுதா மறைத்திருக்கிறது. பின்வண்டி ஒன்று தொற்றிக்கொண்டு போவதே அவனுக்குத் தெரிவதில்லை. லாரிதான் கண்ணுக்குத் தெரிகிறது, லாரிக்கும் தனக்கும் நடுவே இருக்கும் இரும்பு தெரிகிறதில்லை. மூடாத சுண்ணாம்புக் கல் லாரியாக இருந்தால் கண்ணில் தூசி, தலையில் கல். இதெல்லாம் எந்த வியாபாரியின் நஷ்டக் கணக்கிலும் ஏறாத நஷ்டம்.

சட்டம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2018 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட தூசிக் கட்டுப்பாட்டு அறிவிக்கையில், கட்டடச் சாமான்களை மூடாத வண்டியில் கொண்டுபோகக் கூடாது என்று விதித்தார்கள். சரக்குக்காரனுக்கு நனைந்தாலும் நஷ்டமில்லாத மணலையும் ஜல்லியையும்கூட மூடித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் மூச்சு விடுகிறவன் வேறொருவன். வண்டியின் போர்வை முதல் தடவையாக வண்டிக்காரனுக்குச் சம்பந்தமில்லாத ஒருவனுக்காகப் போடப்படுகிறது. இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரத்தில் இது ஒரு பெரிய மாறுதல் என்றே நினைக்கிறேன்.

ஆகவே பின்வண்டி இழுக்கும் லாரிக்குப் படுதா தேடுகிறவர் விலையையும் விரிவையும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. பின்பலகையோடு முடிகிறதா, கொக்கி தெரிகிறதா, விளக்கும் நம்பரும் தெரிகின்றனவா, பக்கவாட்டில் அவிழ்க்க முடிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பின்வண்டிக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டும். படுதாக் கடையில் நுழைந்ததும், "எத்தனை அடி?" என்றுதான் கேட்பார்கள். "பின்னால என்ன கட்டப் போறீங்க, அண்ணாச்சி?" என்று கேட்கிற கடைக்காரர் யாராவது அகப்பட்டால், பேரம் பேசாமல் அவரிடமே வாங்கிவிடலாம்.